நீல் தீவும் நீலன் சிலையும்

அந்தமானில் நீல் என்றொரு தீவு உண்டு. தமிழ்க் காதில் விழுந்த மாத்திரத்தில் அப்பெயர் நீலமாகிவிடுகிறது. கடலின் நிறத்தைப் பார்த்து யாரோ ரசனையுள்ளவர் வைத்த பெயர் என்று எண்ணத் தோன்றும். பவளப்பாறை மேல் பரவிக் கிடக்கும் அந்தத் தண்ணீரும் அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுத்து, கரையருகே பச்சையாகவும் சற்றுத் தள்ளி நீலமாகவும் அதற்கப்பால் கருநீலமாகவும் நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஆனால் அது நிறத்தின் பெயரன்று. ஜேம்ஸ் நீல் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரின் குடும்பப் பெயர். தமிழ்நாட்டுக்கு அவர் அந்நியரும் அல்லர். சென்னை மவுண்ட் ரோட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வெண்கலமாய் நின்றவர். 1927இல் அச்சிலையை அகற்றக் கோரித் தமிழர்கள் அணி அணியாகச் சிறை சென்றார்கள். நம் பாடநூல்கள் ஒற்றை வரியில் ‘நீலன் சிலை சத்தியாக்கிரகம்’ என்று சொல்லிக் கடந்துவிடும் அந்த நீலன்தான் இந்த நீல்.

கோவையிலிருந்து சென்னை வழியாகப் போர்ட் பிளேர் சென்று, அங்கிருந்து கடல்வழியாக அத்தீவில் இறங்கிய முதல் நாளில் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் இருந்தோம். பக்கத்திலுள்ள ஹேவ்லாக் பெரிய தீவு, பெயர் பெற்றது, கூட்டம் மிகுந்தது. நீல் சிறியது, அமைதியானது. சுமார் 36 கிலோமீட்டர் தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் அந்த விரைவுக் கப்பலை ‘கேட்டமரான்’ என்கிறார்கள். நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், குளிரூட்டிய இருக்கைகளோடு திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

பரத்பூர் படகுத்துறையில் இறங்கியதும் எதிர்ப்பட்டது வேகமில்லாத ஓர் ஊர். தென்னையும் பாக்கும் வாழையும், இடையிடையே காய்கறிப் பாத்திகளும். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை ஐந்து கிலோமீட்டர் அளவே. மக்கள் ஏறத்தாழ 3000 பேர். அந்தமானின் காய்கறிக் கூடை என்று இத்தீவைச் சொல்வார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியப்பா கடலைப் பார்ப்பதற்கு முன் மரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார். பாத்தி கட்டியிருக்கும் விதம், மட்டை காய்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டு, ‘தண்ணிக்குப் பஞ்சமில்லாத பூமி கண்ணு’ என்றார். உண்மைதான். கோவையில் ஆண்டு முழுவதும் பெய்வதைப் போல நான்கு மடங்குக்குமேல் அந்தமானில் பெய்கிறது. நொய்யலுக்காக ஏங்கும் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பசுமை சற்றுப் பொறாமையைத் தருவது இயல்பு.

துறையில் குழந்தைதான் முதலில் கேட்டது. பயணச்சீட்டில் ‘ஷஹீத் த்வீப்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரோ ‘நீல்’ என்கிறார். ‘அப்பாரு, ஒரு ஊருக்கு ரெண்டு பேர் எதுக்குங்க?’ பெரியப்பா எங்களைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல 1857க்குப் போகவேண்டும்.

அவ்வாண்டு மே மாதம் வடக்கே சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்தபோது, கும்பினியின் முதலாம் மதராஸ் ப்யூசிலியர்ஸ் படையுடன் சென்னையிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தவர் நீல். மதராஸ் என்பது பெயரில் மட்டுமே. படை முழுக்க வெள்ளையர் படை. பிற்காலத்தில் அது ராயல் டப்ளின் ப்யூசிலியர்ஸ் என்ற பெயரில் அயர்லாந்துப் படையாகவே ஆயிற்று. ஹௌரா ரயில் நிலையத்தில் நடந்ததாக ஒரு சம்பவத்தை ஆங்கில வரலாற்றாசிரியர்கள் மெச்சிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். வண்டி புறப்படும் நேரம். ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்த வீரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்க முடியாது என்று சொன்ன நிலைய அதிகாரியையும் எஞ்சின் ஓட்டுநரையும் நீல் காவலில் வைத்துவிட்டு, தம் ஆட்கள் அனைவரும் ஏறிய பிறகே வண்டியை விடச்செய்தார். உறுதியான மனிதர் என்று அவர்கள் வியந்தார்கள். அந்த உறுதி காசியிலும் அலகாபாத்திலும் எந்த உருவெடுத்தது என்பதை அவர்களே எழுதிய பக்கங்களில் படிக்கும்போது நமக்கு வியப்பு வருவதில்லை. ஜூன் மாதத்தில் அவ்விரு நகரங்களிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் விசாரணை என்ற பாவனைகூட இல்லாமல் ஆட்கள் மரங்களில் தொங்கவிடப்பட்டார்கள், ஊர்கள் கொளுத்தப்பட்டன.

கான்பூரில் பீபிகர் மாளிகையில் ஏறத்தாழ இருநூறு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது ஜூலை 15 அன்று. அக்கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நீலின் செயல்களை அதற்கான பழிவாங்கல் என்று விளக்குவோர் தேதிகளைப் பார்க்கவேண்டும். காசியும் அலகாபாத்தும் ஜூனில், கான்பூருக்கு முன்னரே எரிந்துவிட்டன. கான்பூர் வந்த பிறகு அவர் பிறப்பித்த உத்தரவு இன்னும் விபரீதமானது. தூக்கிலிடப்படுமுன் கைதிகள் அந்த மாளிகைத் தரையின் ரத்தக்கறையைத் துடைக்கவேண்டும், மறுப்பவருக்குச் சவுக்கடி. நாவினால் நக்கச் செய்ததும் உண்டு. சாதியும் சமயமும் கெட்டோம் என்ற எண்ணத்தோடு சாகவேண்டும் என்பதே நோக்கம். செப்டம்பர் 25 அன்று லக்னோவின் தெருவொன்றில் சுடப்பட்டு நீல் இறந்தார். அதே படையெடுப்பை நடத்திய ஹேவ்லாக், நவம்பரில் வயிற்றுப்போக்கால் இறந்தார்.

இருவருக்கும் சிலைகள் எழும்பின. நீலுக்கு அவர் பிறந்த ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஒன்று, சென்னையில் ஒன்று. சிற்பி மேத்யூ நோபில். ஆனால் அதைவிட நீடித்த நினைவுச்சின்னம் வங்காள விரிகுடாவில் அமைந்தது. 1858 மார்ச்சில், கிளர்ச்சியில் பிடிபட்ட இருநூறு பேரைக் கொண்டு அந்தமான் கைதிக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அதே தீவுக்கூட்டத்தின் கிழக்கே, பதினெட்டாம் நூற்றாண்டில் கடலளந்த ஜான் ரிச்சியின் பெயரைத் தாங்கிய தீவுகளுக்கு ஹேவ்லாக், நீல், அவுட்ராம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்சன் என்று பெயர்கள் சூட்டப்பட்டன. ஒருவர் விடாமல் 1857இல் பேர்பெற்றவர்கள். தோற்றவர்கள் கால்விலங்கோடு இறக்கப்பட்ட கடலில், வென்றவர்கள் தீவுகளாக நின்றார்கள். இதைத் தற்செயல் என்று கொள்ள எங்களால் இயலவில்லை.

நிற்க. சென்னைச் சிலையின் கதை நமக்குச் சொந்தமானது. 1927இல் திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு முதலானோர் தலைமையில் போராட்டம் தொடங்கியது. தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் ஏந்திச் சென்று சிலையைத் தாக்கினார்கள், கைதானார்கள், அடுத்த அணி வந்தது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்திலிருந்த காந்தியடிகள் தொண்டர்களைச் சந்தித்தார். கோரிக்கையை ஏற்றார், வழி அகிம்சையாக இருக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். கடலூர் அஞ்சலையம்மாள் தம்முடைய ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு இப்போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைப்பட்டார். அந்தச் சிறுமியைக் காந்தி பின்னர் லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அவளுக்கு இந்த முழுக்கதையிலும் பிடித்துப்போனது அந்த ஒரு பெண்ணே. ‘சுத்தியல் கனமா இருந்திருக்குமே’ என்றாள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலை சாலையிலிருந்து இறங்கியது. கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய் அடங்கியது. சிலையை இறக்கப் பத்தாண்டு போராடினோம். தீவோ அதற்குப் பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பெயருடனேயே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து தேனிலவுக்கும் விடுமுறைக்கும் ஆயிரக்கணக்கில் போய்வந்தவர்களிடையே அப்பெயர் ஒரு முணுமுணுப்பையும் எழுப்பவில்லை. தெருமுனையில் நிற்கும் சிலை கண்ணை உறுத்துகிறது; வரைபடத்தில் கிடக்கும் பெயர் உறுத்துவதில்லை போலும்.

பிற்பகலில் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து லட்சுமண்பூரின் பாறைக் கரைக்குப் போனோம். அலை அரித்து உருவான இயற்கைப் பாலம் ஒன்று அங்கே வளைந்து நிற்கிறது. நீர் வடிந்த பிறகு பாறைகளின் குழிகளில் தேங்கும் தண்ணீரில் சிறு மீன்களும் நண்டுகளும் கடல் வெள்ளரிகளும். வழுக்கும் பாறைகளில் பெரியப்பாவின் கையை இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. அந்தப் பாலத்துக்கு உள்ளூர்ப் பெயர் ‘ஹௌரா பாலம்’. வைத்தவர்கள் வங்காளிகள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உடைமை இழந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1960களில் இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் அவர்களே; இன்று நாம் காணும் தென்னையும் காய்கறியும் அவர்கள் உழைப்பு. கைவிட்டுப்போன ஒரு நிலத்தின் நினைவில், ஆளற்ற கரையிலிருந்த கல்வளைவுக்குக் கல்கத்தாப் பாலத்தின் பெயரை இட்டார்கள். நீல் ரயிலை நிறுத்திவைத்த அதே ஹௌரா, நீல் தீவில் வந்து பாலமாக நிற்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும்.

அவர்கள் குடியேறிய ஊர்களின் பெயர்கள் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ராமாயணத்தில் பாலம் கட்டிய வானரரில் நளனோடு நீலனும் ஒருவன் என்பதை நினைத்தால், இந்த ஊர்களுக்கு நடுவே நீல் என்ற பெயர் ஓரளவு பொருந்திப்போய், தன் பூர்வோத்திரத்தை மறைத்துக்கொண்டு வாழ்ந்ததில் வியப்பில்லை. வனவாசம் போனவர்களின் பெயரை வனத்தைத் திருத்த வந்தவர்கள் வாழும் ஊர்களுக்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம் என்று நாங்கள் பேசிக்கொண்டு வந்தோம்.

கொங்கு நாட்டுக்கும் அந்தமானுக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். முந்தைய நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையைப் பார்த்திருந்தோம். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. அங்கே செக்கில் மாட்டைப் போல மனிதரைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். தென்னை வளர்ப்பவருக்கு அந்த எடையின் பொருள் உடனே விளங்கியது. ‘நம்மூரு ஜெயில்லயும் இப்படித்தானே கண்ணு, சிதம்பரம் பிள்ளையச் செக்கிழுக்க வெச்சானுக?’ என்றார் பெரியப்பா. ஆம். 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டது நாடு கடத்தல் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் 1910 வரை கோவைச் சிறையிலும் பின்பு கண்ணனூரிலும் வைக்கப்பட்டார். அந்தமானுக்கு அவர் போகவில்லை. அந்தமானின் செக்கு கோவைக்கு வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அவர் இழுத்த கல் செக்கு இன்றும் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இன்னொரு தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட நூறு பேரைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றினார்கள். காற்றுப்புக வழியில்லாத அந்தப் பெட்டியைத் திறந்த இடம் நம் போத்தனூர். மூச்சுத்திணறி மாண்டவர் எண்ணிக்கை இறுதியில் எழுபது அளவுக்கு வந்தது. உயிரோடு எஞ்சியவர்களைக் கோவைக்குக் கொண்டுவந்தார்கள். அதே கிளர்ச்சியில் தண்டனை பெற்ற மாப்பிள்ளைமார் பலர் அடுத்த ஆண்டுகளில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தென் அந்தமானில் தங்கள் குடியிருப்புகளுக்கு வண்டூர், மஞ்சேரி, திரூர், மன்னார்காடு, காலிகட் என்று விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே இட்டார்கள். இன்று சுற்றுலாப் படகுகள் புறப்படும் வண்டூர் அதில் ஒன்று. போத்தனூர் சந்திப்பில் ரயில் மாறும் கோவைக்காரர் எத்தனை பேருக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரும்?

குழந்தை கேட்ட இரண்டாவது பெயருக்கு வருவோம். 1943 டிசம்பர் 30 அன்று, ஜப்பானியர் பிடியிலிருந்த போர்ட் பிளேரில் சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றினார். அந்தமானுக்கு ஷஹீத், அதாவது தியாகி, என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயரிட அவர் எண்ணினார். சரியாக 75 ஆண்டு கழித்து, 2018 டிசம்பர் 30 அன்று, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆயிற்று. ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. தீவுக்கூட்டம் முழுமைக்கும் எண்ணிய பெயர்கள் இரு சிறு தீவுகளுக்குள் சுருங்கின என்பது ஒருபுறமிருக்க, நீல் என்ற பெயர் போனதில் எங்களுக்கு வருத்தம் சிறிதுமில்லை. 1937இல் செய்யத் தொடங்கியதன் மீதி அது.

ஆனாலும் தியாகி என்ற சொல்லுக்கு அத்தீவுகளில் வேறு கணக்குகளும் உண்டு. போஸ் வந்துபோன ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியர் 44 பேரை உளவாளிகள் என்று சுட்டுக்கொன்றார்கள். சுடப்பட்டவர்கள் போஸின் கொடியை ஏற்ற இந்தியச் சுதந்திரச் சங்கத்தினரே. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், சில நூறு பேரைப் படகேற்றி ஹேவ்லாக் கரையருகே கடலில் இறக்கினார்கள்; பெரும்பாலோர் மூழ்கினார்கள், கரையேறியவர்கள் பட்டினியால் செத்தார்கள். காலையில் எங்கள் கப்பல் சென்ற கடலுக்குப் பக்கத்துக் கடல் அது.

இவர்களுக்கெல்லாம் முன்னர் ரிச்சித் தீவுகளில் வாழ்ந்தவர்கள் அகா-பாலே மக்கள். பேரந்தமானியர் எனப்படும் பத்துக் குழுக்களில் ஒன்று. கடலில் ஆமையும் கடற்பசுவும் வேட்டையாடித் தீவுக்குத் தீவு தோணியில் சென்றுவந்தவர்கள். கைதிக் குடியிருப்பு வந்தபின் நோய்கள் வந்தன. 1877இன் தட்டம்மை அவற்றுள் மிகக் கொடியது. 1858இல் சில ஆயிரமாக இருந்த பேரந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931இல் 90 பேர். அவர்களுள் அகா-பாலே என்று சொல்லிக்கொள்ள இருவர் மட்டுமே. அவர்களின் சகோதரக் குழுவான அகா-போவின் மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். ஆங்கிலேயர் இட்ட பெயர், வங்காளியர் இட்ட பெயர், அரசு இட்ட பெயர் ஆகிய மூன்றையும் அத்தீவில் ஒரே நாளில் கேட்டோம். நம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்திகூட நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறித்து வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனபோது அந்தச் சோழர் கடற்படையும் நினைவுகூரப்பட்டது. நான்காவதான அகா-பாலேச் சொல் மட்டும் எந்தப் பலகையிலும் எங்கள் கண்ணில் படவில்லை.

பொழுது சாய்வதைப் பார்க்க மறுபடி லட்சுமண்பூர் மணல்வெளிக்குப் போனோம். டிசம்பர் மாதம்; ஐந்து மணிக்கே சூரியன் நீரைத் தொட்டுவிட்டது. கோவைக்குக் கிழக்கே பதினாறு பாகை தள்ளியிருக்கும் தீவுக்கும் அதே இந்திய நேரம்தான். ஆகவே அங்கே எல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. சிப்பி பொறுக்கக் கூடாது என்ற விதியைக் குழந்தைக்குச் சொல்லி, கையிலிருந்ததைத் திரும்ப மணலில் போடச்செய்தோம். பெரியப்பா சற்றுத் தள்ளி நின்று, கிடைத்த சிறிது அலைவரிசையில் தோட்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

‘இங்க பொழுது உளுந்துருச்சப்பா. அங்க?’

‘இன்னும் வெயிலுங்க. இப்பத்தானுங்க மோட்டாரு எடுத்துவுட்டேன்.’